மஞ்சள் பல்பு எரிந்த அறை

பல்பு விற்கிற மனிதர் வீட்டிலேயே ஒரு பல்பால் இப்படிக் குலை நடுங்கும் காரியம் நடக்குமா? வரதராசன்பேட்டையில் நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. அமல்தாஸை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம் ஆடிப்போனார்கள். எந்த அறைக்கு எந்த வெளிச்சம் என்பதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

ஜெயங்கொண்டத்தில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில், தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து கவுன்டரில் நிற்பவர் அவர். "ஒரு பல்பு குடுங்க" என்று கேட்டால் அவர் கை அலமாரிப் பக்கமே போகாது. "எந்த ரூமுக்கு?" என்பார். எதுவோ ஒன்று கொடுங்கள் என்று சொன்னவன் தொலைந்தான். "வூடு கட்டறதுக்குக் கொட்டுகொட்டுன்னு கொட்டுறீங்க, வெளிச்சத்துக்கு மட்டும் ஏதோ ஒன்னுன்னா எப்படிங்க?" என்று பிடித்துக்கொள்வார். சமையலறைக்கு வெள்ளை, அரிசியில் கிடக்கும் கல் தெரிய வேண்டும். பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கும் வெள்ளை. படுக்கிற அறைக்கு வார்ம் ஒயிட். "பேருதான் ஒயிட்டு. எரிஞ்சா மஞ்சளா, எதமா இருக்கும். கண்ணு தானா சொருவும்" என்பார். கடை முதலாளிக்கு இந்தப் பிரசங்கம் எரிச்சல்தான். ஆனால் உடையார்பாளையத்திலிருந்தெல்லாம் புது வீடு கட்டுகிறவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஒரே மகள் ஏஞ்சல் மேரி. மாப்பிள்ளை டோமினிக்குக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. தலைப்பிரசவத்துக்கு மகள் வந்ததும் உள்ளறையில் இருந்த டியூப் லைட்டை அமல்தாஸ் தன் கையாலேயே கழற்றினார். வெள்ளை வெளிச்சம் பச்சைக் குழந்தையின் கண்ணைக் குத்தும் என்பது அவர் கட்சி. கடையிலிருந்து நல்லதாக ஒரு வார்ம் ஒயிட் பல்பைப் பொறுக்கி எடுத்து வந்து மாட்டினார்.

ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. வீட்டுக்கு வந்த அன்றே அவர் மனைவி ஆனி ரோஸ் உள்ளறை ஜன்னல்களைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டாள். பச்சை உடம்புக்காரிக்கும் பிள்ளைக்கும் காற்றுப் படக் கூடாதாம். ஆகவே பகலிலும் அந்த ஒற்றைப் பல்புதான். கதவைத் திறந்தால் பொன் வெளிச்சம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பார்க்க வந்த பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளைக் கிழவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடியாத்தி, தங்கத்த உருக்கி ஊத்துன மாதிரியில்ல இருக்கா! யாரு நெறம்டி இது?" அமல்தாஸ் சிரித்துக்கொண்டார். பாதி நிறம் தன்னுடைய பல்பு கொடுத்தது என்று அவருக்குத் தெரியும். செல்போனில் படம் எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினார். குழந்தை அழவே இல்லை, எந்நேரமும் தூங்கியது. இப்படி ஒரு சமத்துப் பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று வீடே பூரித்தது.

ஏஞ்சல் மேரி மட்டும் பூரிக்கவில்லை. பிள்ளை மார்பில் வாய் வைத்தால் நாலு இழு இழுத்துவிட்டு மயங்கிப்போகிறதே என்று அவளுக்கு உறுத்தல். ஒரு காலையில் ஆனி ரோஸ் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தபோது அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, பாப்பாவோட கண்ணு மஞ்சளா இருக்குற மாதிரி இருக்குப்பா. இங்க பாருங்க, வெள்ள முழியே மஞ்சளா இருக்கு."

அமல்தாஸ் குனிந்து பார்த்தார். பிறகு, ஐயோ, அவர் சிரித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குழந்தையின் கன்னத்தோரம் பிடித்தார்.

"இந்தத் துண்டு என்ன கலரு?"

"வெள்ள."

"இப்ப எப்படித் தெரியுது?"

"மஞ்சளா இருக்கு."

"என் நகத்தப் பாரு, உன் நைட்டியப் பாரு, எல்லாம் மஞ்சதான். லைட்டு மஞ்சம்மா! இதுக்குப் போயி பயந்துகிட்டு."

கடையில் எத்தனையோ பேரைத் தலையாட்ட வைத்த விளக்கம். மகளும் தலையாட்டினாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

மறுநாள், அமல்தாஸ் கடைக்குக் கிளம்புகிற நேரத்தில், கிராம நர்ஸ் கமலவேணி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பிரசவித்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. அறைக்குள் வந்தவள் பல்பை நிமிர்ந்து பார்த்தாள், சாத்திய ஜன்னலைப் பார்த்தாள். குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். அது அழவில்லை, காலை மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டது.

"பிள்ளைய வெளிய கொண்டாங்க."

"காத்துப் படுங்க சிஸ்டர்" என்று ஆனி ரோஸ் இழுத்தாள்.

"கொண்டாங்கன்னா கொண்டாங்கக்கா!"

அந்தக் குரலைக் கேட்டதும் ஆனி ரோஸ் மறுபேச்சுப் பேசாமல் தூக்கிக் கொடுத்தாள். கமலவேணி வாசலுக்கு வந்து துணியை விலக்கினாள். காலை வெயில் குழந்தையின் மேல் விழுந்தது.

பின்னாலேயே வந்த அமல்தாஸ் குனிந்து பார்த்தார். நெற்றி, மார்பு, வயிறு, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். பூசணிப் பூவின் மஞ்சள். நர்ஸின் வெள்ளைக் கோட்டு வெள்ளையாக இருந்தது. அவர் துண்டு வெள்ளையாக இருந்தது. அவர் கை எப்போதும் போல் கறுத்துக் கிடந்தது. குழந்தை ஒன்றுதான் மஞ்சளாக இருந்தது. கமலவேணி இமையை விலக்கிக் காட்டியபோது ஆனி ரோஸ் "அடைக்கல மாதாவே!" என்று அலறி நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னண்ணே இது? இவ்வளவு மஞ்சள ஒருத்தரு கூடவா பாக்கல?" என்றாள் கமலவேணி. கேட்டுக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். அமல்தாஸ் தோளில் கிடந்த துண்டை இழுத்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டார்.

அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகம் மாறியது. மஞ்சள் காமாலை மிக அதிகம் என்றார். இன்னும் ஏறினால் மூளையைத் தாக்கும், காது போகலாம், உயிரே போகலாம். முதலில் நீல வெளிச்சத்தில் வைப்போம், இறங்காவிட்டால் உடம்பு ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். சொல்லிவிட்டு ஏஞ்சல் மேரியிடம் திரும்பினார்.

"பெத்த தாய் நீ. கண்ணு மஞ்சளா இருந்தது உனக்குத் தெரியலையா?"

ஏஞ்சல் மேரி ஒரு தடவை அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். "கவனிக்கலீங்க டாக்டர்" என்றாள்.

அமல்தாஸுக்குச் செவிட்டில் அறைந்தது போல் இருந்தது. பக்கத்திலிருந்த ஆனி ரோஸ் மகள் மேல் பாய்ந்தாள். "ராவும் பகலும் ஒட்டிக்கிட்டுக் கெடந்தியேடி, அப்படி என்னத்தடி பாத்த? கண்ணு என்ன பொட்டையா?" அதையும் அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். மனிதர் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று பிறகு சொன்னார். அது நிஜமாகவும் இருக்கலாம்.

கண்ணாடி வழியாகப் பார்த்தால், கண்ணுக்குத் துணி கட்டி, நீல வெளிச்சத்தின் கீழே அந்தச் சின்ன உடம்பு கிடந்தது. உலகத்து வெளிச்சமெல்லாம் தனக்குத் தெரியும் என்று திரிந்தவருக்கு அந்த வெளிச்சம் என்ன செய்யும் என்று தெரியாது. அது மஞ்சளை இறக்குமா, இறக்காதா? நர்ஸ் யாராவது கதவைத் திறந்தால் எழுந்து நிற்பார், அவர்கள் ஒன்றும் சொல்லாமல் போனதும் உட்காருவார். திருப்பூரிலிருந்து ஓடி வந்த டோமினிக்கும் மனைவியைத்தான் முறைத்தான். ஏஞ்சல் மேரி பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ரத்தம் மாற்றாமலே காமாலை இறங்கியது. முதல் தடவை குழந்தை பசிக்கு வீரிட்டு அழுத சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டது. டாக்டரம்மா எல்லோரையும் கூப்பிட்டு, குழந்தையைத் தாயின் கையில் கொடுத்து, பிள்ளை பிழைத்துவிட்டது, காதை மட்டும் பின்னால் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றார். சொன்ன கையோடு ஏஞ்சல் மேரியைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"இனிமே இப்படிக் கவனமில்லாம இருக்காதம்மா. உன்னாலதான் இவ்வளவும்."

"சரிங்க டாக்டர்" என்றாள் அவள்.

"அவ பாத்துட்டாங்க டாக்டர்."

குரல் வந்த பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். அமல்தாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெள்ள முழி மஞ்சளா இருக்குன்னு எங்கிட்ட காட்டுனா. நான்தான் லைட்டு மஞ்சள்னு சொன்னேன். துண்டெல்லாம் வச்சுக் காட்டி, அவ வாய அடைச்சிட்டேன். எம் பொண்ணு சரியாத்தான் பாத்தா."

ஆனி ரோஸ் அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, வெறும் திகைப்புதான் இருந்தது. டோமினிக் தலையைக் குனிந்துகொண்டான். ஏஞ்சல் மேரி பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அழாத பெண், அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.