பம்புக்கார ஸெய்னுதீனும் ஐந்து தொட்டி இறால் குஞ்சும்

கிண்ணியாவில் ஸெய்னுதீன் என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். பம்புக்கார ஸெய்னுதீன் என்றால் ஒருவர்தான். டீசல் எஞ்சினுக்கு எண்ணெயைப் பீச்சியடிக்கும் பம்பைக் கழற்றிப் பூட்டுவதில் சீனன்குடாவிலிருந்து புல்மோட்டை வரை அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மனிதருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. கை ஒரு வேலையில் இருக்கும்போதே மனம் அடுத்த வேலைக்குப் புறப்பட்டுவிடும். "இந்தா வாறன்" என்பார். எந்த ஊருக்கு என்பது அவருக்கே நிச்சயமில்லை.

மார்கழி மழையில் மின்கம்பம் சாய்ந்த ஒரு காலையில் ராசமலர் அழைத்தாள். உப்பாற்றுப் பக்கம் தொட்டிகளில் இறால் குஞ்சு வளர்க்கிறவள். ஐந்து தொட்டிக்கும் குழாய் வழியே காற்றுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது.

"நானா, ஜெனரேட்டர்ர வேகம் ஏறி ஏறி இறங்குது, பிறகு அணைஞ்சு போகுது. கெதியா வாங்கோ!"

இருபது நிமிடத்தில் போய் நின்றார். ராசமலர் வாளியும் கையுமாகத் தொட்டிக்குத் தொட்டி ஓடி, காற்றுக் கலக்கட்டுமென்று தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஸெய்னுதீன் முதலில் எண்ணெய்க் குழாயில் சிக்கியிருந்த காற்றை எடுத்தார். ஃபில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமத்த, டீசல் நுரை நுரையாக வந்து பிறகு தெளிந்தது. எஞ்சின் பிடித்தது. மூன்று நிமிடம் ஓடி, இரண்டு தரம் உறுமி, நின்றுபோனது.

"பம்புதான்," என்றார். வேறு எதைச் சொல்வார்? அவர் கண்ணுக்கு உலகத்து நோயெல்லாம் பம்பில்தான். பம்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே எல்லாம் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு அசைந்தது. ஒவ்வொரு குழாயாகத் தளர்த்திப் பார்த்தார். இதிலேயே முக்கால் மணித்தியாலம் போனது.

"மூண்டாம் தொட்டியில குஞ்செல்லாம் மிதக்குது நானா!"

பம்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்கு எரிச்சல். கடைசியில், வேறு வழியில்லாமல், டீசல் டாங்கின் அடிக்குழாயைக் கழற்றினார். எண்ணெய் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு கட்டி உள்ளங்கையில் விழுந்தது. மணந்து பார்த்தார்.

சவர்க்காரம்.

டீசல் டாங்க் ஒழுகினால் வெடிப்பில் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தை அமுக்கி விடுவது இந்தப் பக்கத்துக் கைவைத்தியம். டீசலில் அது கரையாது. ஐப்பசியில் இந்த டாங்கின் அடியில் அமுக்கியவர் ஸெய்னுதீன்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வந்து வெடிப்பை நிரந்தரமாக ஒட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், போனவர்தான். மழைக்காலத்தில் டாங்குக்குள் இறங்கிய தண்ணீர் சவர்க்காரத்தைக் கூழாக்கிக் குழாயின் வாயை அடைத்துவிட்டது.

சுத்தமான டீசல் கானொன்றை உயரத்தில் கட்டி, அதிலிருந்து ஃபில்டருக்கு நேரே குழாய் கொடுத்தார். காற்றை எடுத்ததும் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. தொட்டிகளில் குமிழி எழும்பியது. ராசமலர் விடாமல் அள்ளி ஊற்றியதில் நாலு தொட்டி தப்பியது. மூன்றாவதின் மேல் செத்த குஞ்சு வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

ராசமலர் அழுதுகொண்டே வலையால் அதை வாரினாள். "மழைக்க டாங்க் மூடிய நான்தான் சரியா மூடாம விட்டிருப்பன். தண்ணி போயிட்டுது. எல்லாம் என்ர பிழை."

ஸெய்னுதீன் ஸ்பானர்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். மனதுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது; அது அவருக்கே அருவருப்பாக இருந்தது. மோட்டார் சைக்கிளில் ஏறிச் சாவியைக்கூடப் போட்டுவிட்டார். பிறகு இறங்கித் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, தண்ணியில்ல பிழை. நான் வச்ச சவர்க்காரம் கரைஞ்சு அடைச்சிட்டுது. ஒட்டித் தாறன் எண்டு சொல்லிப்போட்டு நான்தான் வரேல்ல."

அவள் வலையால் வாருவதை நிறுத்தவில்லை.

"கார்த்திகையில ரெண்டு தரம் கோல் எடுத்தனான் நானா. ரெண்டு தரமும் இந்தா வாறன் எண்டனீங்கள். மூண்டாம் தரம் கேக்க எனக்கு வெக்கமா இருந்திச்சு."

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. கிண்ணியா பேக்கரிக்காரர்.

"இண்டைக்கு வர ஏலாது," என்றார் ஸெய்னுதீன். "நீங்க வேற ஆளப் பாருங்க."

போனை அணைத்துவிட்டு, டாங்கைக் கழற்றக் குனிந்தார்.