முகம் இல்லாத படம்

இரண்டாம் உலக யுத்த காலம். எங்கள் மகள் கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்தபோது என் கணவர் எகிப்தில் பட்டாளத்துக் கிளார்க்காக இருந்தார். பிள்ளை பிறந்ததைத் தந்தியில் அறிவித்தோம். படம் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. புருஷன்மார் சண்டைக்குப் போன எல்லா வீட்டிலும் அப்போது அதுதான் வழக்கம். காலி ஊருக்குப் போகும் காலி வீதியில் இருந்த ஸ்டூடியோவுக்கு நல்ல வியாபாரம்.

அவருடைய தகப்பனார், என் மாமா, பஞ்சாங்கத்தோடு குறுக்கே நின்றார். பிள்ளை பிறந்த நேரம் தகப்பனுக்கு ஆகாதாம். நல்லெண்ணெயில் தெரியும் முகத்தைத்தான் தகப்பன் முதலில் பார்க்க வேண்டும், நேரே பார்த்தால் உயிருக்கே கண்டம் என்றார். படத்தில் பார்ப்பதும் நேரே பார்ப்பதுதானாம். அப்படியென்றால் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்சலில் அனுப்புவோமா என்று கேட்க வாய்வரை வந்தது. குண்டு விழுகிற இடத்தில் இருக்கிற மனுஷனுக்குப் பச்சைக் குழந்தையாலா ஆபத்து என்று மனதுக்குள் எரிச்சல்பட்டேன்.

கடைசியில் பிள்ளையை என் தோளில் போட்டு, முதுகுப்பக்கமாகப் படம் எடுத்தோம். ஸ்டூடியோக்காரர் கமராத் துணிக்குள்ளிருந்து இரண்டு தரம் தலையை நீட்டிப் பார்த்தார். பிடரி மயிரும் மடிந்த காதும் ஒரு குதிகாலும்தான் எகிப்துக்குப் போயின. காரணம் தெரிந்தால் மகன் பயப்படுவான் என்று சொல்லி, மாமா அதை எழுதவும் விடவில்லை.

கணவரின் பதில் நாலே வரி. பிள்ளையின் முகத்தில் என்ன குறை என்று கேட்டிருந்தார். கண்ணா, உதடா, எதுவென்றாலும் மறைக்காமல் எழுது, எப்படி இருந்தாலும் அது என் பிள்ளை என்றிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

"முகத்தை எடுத்து அனுப்பு, பிள்ளை," என்றார். "குற்றம் வாறதெண்டால் எனக்கு வரட்டும்."

மறுபடியும் ஸ்டூடியோ. இந்த முறை மகள் கமராவைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு மாமாவும் நானும் தபால் பெட்டிவரை நடந்தோம். பஞ்சாங்கத்தை நம்பாதவள் நான். ஆனால் பெட்டிக்கு முன்னால் கை ஓடாமல் நின்றவளும் நான்தான். மாமா உறையை என்னிடமிருந்து வாங்கி உள்ளே போட்டார். எகிப்திலிருந்து அடுத்த கடிதம் வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.