வராகர் படத்துப் பூமி

மகள் வாங்கி வந்த தோல்பந்தின் வாடை, ஆம்பூரில் இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில், பலகைகளில் ஆணியடித்த தோல்கள் விறைத்துக் காய்ந்த அந்தக் கொட்டகைக்கு என்னை இழுத்துப் போனது.

பூமி உருண்டை என்று மாமா அங்கே தைத்து வைத்திருந்த ஒரு பந்தைத் தூக்கிக் காட்டினார்.

“ராட்சசன் பூமியப் பாயாட்டம் சுருட்டிக்கினு போனான்டா! உருண்டைய எவன்டா சுருட்டுவான்?” என்றார் அப்பா, தோல் சீவும் கத்தியோடு.

“அப்ப அந்தப் பாயிலயே படுத்துத் தூங்கு மச்சான்!” என்றார் மாமா.

கொட்டகையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கத்தி பாய்ந்தது. பந்தோடு மாமாவின் உள்ளங்கையும் பிளந்தது.

வேட்டியைக் கிழித்துக் கட்டுப்போட்ட அப்பா, கொட்டகைச் சுவரில் தினமும் தானே சூடம் காட்டும் வராகர் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பெருமாள் கொம்பில் பூமி உருண்டையாக இருந்தது. ரத்தக் கையால் அதைத் தொட்டு, “மன்னிச்சுடு மச்சான்” என்று அழுதார்.

அந்தப் படம் இன்று என் பூஜையறையில். பூமிமேல் பட்ட கறையை நான் துடைப்பதில்லை.