மூன்று கார்டுகளோடு வந்தவள்

அந்தக் கிறிஸ்துமஸ் ஸ்டாலுக்கு விதிகள் எழுதியவள் நான்தான். திருமுல்லைவாயிலில் ஒரு சர்ச் வாசலில் பந்தல் போட்டு, கஷ்டப்படும் குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், புதுத்துணி, ஒரு கேக் எல்லாம் போட்டு ஒரு பை கொடுத்தோம். பொருள்கள் பெரும்பாலும் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்தவை. கொடுக்க நின்றவர்களும் அங்கிருந்துதான் வந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வரை படித்தவள் நான். பை வாங்குகிறவர்களின் பெயர் எழுதும் நோட்டு என் கையில் இருந்ததில் எனக்குப் பெருமை. ரேஷன் கார்டில் படம் உள்ளவர் நேரில் வர வேண்டும், கார்டுக்கு ஒரு பை, பெயரும் தெருவும் நோட்டில் ஏற வேண்டும். ஏமாற்றுகிறவர்களைப் பார்த்தாலே தெரியும் என்று நினைத்திருந்தேன். இப்படிப்பட்ட குடும்பங்களின் நடுவில்தானே வளர்ந்தேன்.

முதல் நாள் மதியம் ஒரு பெண் மூன்று கார்டுகளை மேசைமேல் வைத்தாள். மூன்றிலும் அவள் முகம் இல்லை.

"உங்க கார்டு எங்க?"

"எனக்கு வேணாம்மா. இட்லி கடை கீது, ஓட்டிக்குவேன். இது பக்கத்து ஊட்டுக்காரங்களுது."

தனக்கு வேண்டாம் என்றதும் என் சந்தேகம் உறுதியானது. அடுத்தவருக்காக யார் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பார்கள்? சாயந்திரத்துக்குள் மூன்று பையும் ஏதாவது மளிகைக் கடைக்குப் போய்விடும்.

"அவங்களையே வரச் சொல்லுங்க."

"வரமாட்டாங்க."

"ஏன், கால் இல்லையா?"

 எனக்குப் பக்கத்தில் சிவப்புக் குல்லாய் போட்டு அரிசி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த குடியிருப்பு அக்காவை அவள் ஒருமுறை பார்த்தாள். அதையும் திருட்டு முழி என்றே எடுத்துக்கொண்டேன். "நானே வீட்டுக்கு வந்து பாக்குறேன்" என்று கார்டுகளை வைத்துக்கொண்டேன்.

"ரேஷன் கார்டை புட்ச்சு வெச்சிகினு... நல்லா கீதும்மா உங்க கிறிஸ்துமஸ்!" வரிசைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்துச் சேக்காடு போனேன். முதல் கார்டில் இருந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவளின் முகத்தைப் போலீஸ்காரி போலப் படத்தோடு ஒப்பிட்டேன். அவள்தான். காலும் நன்றாகத்தான் இருந்தது.

"நீங்களே வந்திருக்கலாமே?"

"உன் பக்கத்துல சிவப்பு குல்லா போட்டுகினு நின்னுச்சாமே, அந்தக்கா ஊட்லதான் பாத்திரம் தேய்க்கிறேன். அது கையால பை வாங்கிட்டேன்னு வெய்யி. பொங்கலுக்கு சேலை கேட்டா, அதான் அன்னிக்கே குட்த்தமேன்னும். ஒடம்பு முடியல, லீவு வேணும்னாலும் அதையே சொல்லும். மத்த ரெண்டு பேருக்கும் அந்த பில்டிங்லதான் வேலை. அதான் இட்லிக்காரம்மாவை அனுப்பினோம்."

நான் நம்பவில்லை. மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்ட கதை போல அவ்வளவு சரளமாக இருந்தது. கார்டுகளை மட்டும் கொடுத்துவிட்டு, "பாக்கலாம்" என்று கிளம்பினேன்.

மறுநாள் காலை குல்லாய் அக்கா என் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நோட்டைக் கொஞ்சம் காட்டுடா. எங்க வீட்ல வேலை செய்றவ வந்து வாங்கிட்டாளான்னு பாக்கணும்."

"எதுக்குக்கா?"

"பொங்கலுக்கு அவளுக்குச் சேலை எடுக்கணும்ல. இங்கயே வாங்கிட்டான்னா ரெண்டு தடவை எதுக்கு?"

நோட்டை நீட்டினேன். கெட்டவர் இல்லை, முந்தைய நாள் முழுக்க உட்காராமல் வேலை செய்தவர். ஆனால் என் கையெழுத்தின்மேல் அவர் விரல் வரி வரியாக ஊர்ந்தபோது, இவ்வளவு ஒழுங்காக யாருக்காக எழுதி வைத்தேன் என்று சந்தேகம் வந்தது.

"வரலைக்கா" என்றேன். பொய் இல்லை.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் மூன்று பைகளை ஆட்டோவில் ஏற்றி, சேக்காட்டில் அந்த இட்லிக்காரம்மாவின் கடையில் கொண்டுபோய் இறக்கினேன். அவள் தொடவே இல்லை.

"நோட்ல எழுதினியா?"

"இல்ல."

"ஏன்? நேத்து அந்தக் குதி குதிச்சியே!"

"எழுதினா அவங்க பாப்பாங்க."

"கார்டை போட்டோ எடுத்தியா?"

"இல்ல."

"போனைக் காட்டு."

கொடுத்தேன். மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கறுப்பு அங்கியில் நான் பட்டம் வாங்கும் படம் வந்தது. அதிலும் நிற்காமல் தள்ளினாள். கார்டுகளின் படமோ பந்தலின் படமோ ஒன்றுகூட இல்லை என்று பார்த்த பிறகுதான் போனைத் திருப்பித் தந்து, பைகளைக் கடைக்குள் இழுத்தாள்.