பிளம்பரின் கார் ஒழுகிய கதை

முப்பது வருடமாக ஊரிலுள்ள குழாய்களையெல்லாம் ஒழுகாமல் செய்து பேர் வாங்கிய பிளம்பரின் சொந்தக் கார் ஒழுகியது. அவரைவிட நாலு வயது மூத்த பச்சை நிறக் கார். அதை அவர் ஓட்டிய நாட்களைவிடத் துடைத்த நாட்கள் அதிகம்.

ஒழுகியதுகூடப் பரவாயில்லை. இரண்டு வருடம் தையல் மெஷினை மிதித்துச் சேர்த்த காசில் மனைவி கார் நிற்கும் போர்ட்டிகோவில் போட்ட வெள்ளை டைல்ஸின் நட்டநடுவில் ஒழுகியதுதான் வினை. அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சொட்டு எண்ணெய் தரையில் இருந்தாலும் வண்டி அவள் தம்பி வீட்டுக்குப் போய்விடும்.

தம்பிக்கு அந்தக் காரின்மேல் பத்து வருடமாக ஒரு கண். பானட்டைக்கூடத் திறக்காமல், தேநீர் குடித்தபடியே நோயைக் கண்டுபிடித்த மேதாவி அவன். "பின்னாடி ஆயில் சீல் போயிடுச்சு மாமா. என்ஜினையே இறக்கணும். உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல தலைவலி?" என்று மிகுந்த கரிசனத்தோடு சொல்லிவிட்டுப் போனான்.

பிளம்பர் அசரவில்லை. ஒழுகலுக்கு அவரிடம் ஒரே வைத்தியம்தான் உண்டு: இறுக்குவது. அவர் மூடிய குழாயை அந்த வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. அவர் மூடிய பாட்டிலை மனைவி பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அப்பேர்ப்பட்ட கை, தினமும் சாயங்காலம் ஸ்பேனரோடு பானட்டுக்குள் நுழைந்து, கண்ணில் பட்ட போல்ட்டையெல்லாம் ஒரு கை பார்த்தது. திங்கட்கிழமை காசளவு இருந்த கறை, வெள்ளிக்கிழமை தட்டளவு ஆனது. வைத்தியம் நன்றாகவே வேலை செய்தது.

சனிக்கிழமை காலையில் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஒழுகுதுன்னே தெரியாம எதை இறுக்கிட்டிருக்கீங்க? முதல்ல கழுவுங்க" என்றாள். பிளம்பருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மண்ணெண்ணெய் ஊற்றி என்ஜினைக் கழுவித் துடைத்தார். அவள் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, குளிப்பாட்டிய குழந்தைக்குப் பூசுவதுபோல என்ஜின் முழுக்கத் தூவினாள். கால் மணி நேரம் ஓடவிட்டார்கள்.

தம்பி சாகடித்த சீல் சௌக்கியமாக இருந்தது. என்ஜினின் உச்சந்தலையில், டேப்பெட் கவர் என்ற தகர மூடியின் பின்விளிம்பிலிருந்து, பவுடரின்மேல் ஒரு கறுப்புக் கோடு கீழே இறங்கியிருந்தது. மூடிக்கு அடியிலிருக்கும் கார்க் பேக்கிங் நசுங்கி, பிதுங்கி, வெடித்துக் கிடந்தது. போல்ட் இருந்த இடமெல்லாம் தகரம் குழிந்திருந்தது.

மனைவி குனிந்து பார்த்தாள். "நூலை ரொம்ப இழுத்துத் தைச்சா துணி சுருங்கிடும். அதே கதைதான்."

அந்தக் காரை அவரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. போன வருடம் லேசாகக் கசிந்தபோது அவர் பாசத்தோடு கொடுத்த முதல் முறுக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, வண்டி போய்விடுமோ என்ற பயம் அதிகமாக இருந்தது.

மூடியைக் கழற்றி, மரக்கட்டையில் வைத்துத் தட்டி விளிம்பை நிமிர்த்தினார். புது பேக்கிங் வைத்தார். ஒவ்வொரு போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் திருகினார். ஒவ்வொன்றிலும் இன்னும் அரைச்சுற்று கொடுக்கச் சொல்லிக் கை துடித்தது. பக்கத்தில் நின்றவள் ஒவ்வொன்றுக்கும் "போதும்" என்றாள்.

ஞாயிறு காலையில் டைல்ஸ் பளிச்சென்று இருந்தது. வண்டியை இழுத்துப்போகக் கயிறோடு வந்த தம்பி, குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒழுகல. நாளைக்கு ஒழுகும் மாமா" என்று ஆசீர்வதித்தான்.

அவன் போனதும் பிளம்பர் மறுபடி காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். எதற்கும் ஒரே ஒரு முறுக்கு கொடுத்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தார். ஸ்பேனரைக் காணோம். வீடெல்லாம் தேடிவிட்டு மனைவி முன்னால் வந்து நின்றார்.

அவள் தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வண்டி உங்ககிட்ட இருக்கட்டும். ஸ்பேனர் என்கிட்ட இருக்கட்டும்."