தம்பிஐயா அண்ணையும் எட்டுக் கட்டையும்

அரியாலைத் தம்பிஐயா அண்ணைக்கு நான் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். எழுத்து இல்லை, சாட்சி இல்லை, வட்டியும் இல்லை. அவர் கண்மூடியபோது அந்தக் கடன் அப்படியே கிடந்தது.

அவருடைய பத்தாம் ஆண்டு நினைவு மலருக்கு என்னையும் ஏதாவது எழுதித் தரச் சொல்லி அவர் மகள் மகாதேவி கேட்டிருக்கிறா. படித்தவர்கள் அவரைப் பற்றி நல்ல சொல்லெடுத்து எழுதுவார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனால் பாருங்கோ, இன்றைக்குக் கோப்பாயில் என் வளவில் மூன்று வாகனம் நிற்கிறது. மூன்றும் ஜப்பான். மூன்றும் இந்த மார்க்கண்டுவின் வேர்வை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுத எனக்கு வெட்கமில்லை.

நான் வாடகைக் கார் ஓட்டத் தொடங்கியது 1956இல், ஒரு முதலாளியின் காரில். அப்போது கார் என்றால் இங்கிலீசுக் கார்தான். ஜப்பான் என்றால் எங்களுக்குத் தெரிந்தது நல்லூர்த் திருவிழாக் கடைத் தகரத் தவளையும், சாவி கொடுத்தால் ஓடுகிற எலியும். மூன்றாம் நாள் கழன்றுவிடும். சொன்ன சொல்லுக்கு நிற்காத ஆளையும் எங்கள் சந்தியில் அப்படித்தான் சொல்வது: "உவன் ஜப்பான் சாமான்."

தம்பிஐயா அண்ணை வல்வெட்டித்துறைக் கடலோடிக் குடும்பம். பெரிய கப்பல்களில் இயந்திர அறையில் எண்ணெய் விடுகிற வேலை. இடக்கை மோதிர விரலில் மேற்கணு இல்லை, கயிறு இழுத்துக்கொண்டு போய்விட்டது. நெட்டை ஆள். தோளில் வெள்ளைச் சால்வை, வாயில் சுருட்டு, பேச்சுக் குறைவு. அரியாலையில் இரத்தினம்மா அக்காவைக் கைப்பிடித்து அங்கேயே குடியிருந்தார். 1965இல் கடைசிக் கப்பலால் இறங்கின காசோடு கொழும்புக்குப் போய் ஒரு ஜப்பான் கார், ரொயோட்டா, வாங்கினார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வடமராட்சி, வலிகாமம் எல்லாம் விசாரித்து, கை சுத்தமான சாரதி என்று என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது பின் ஆசனத்தில் இடப்பக்கம் இருந்தார்.

"அண்ணை, முன்னுக்கு வந்து இருங்கோவன்."

"கப்பலிலையும் நான் பின்பக்கந்தான். நீ ஓட்டு."

எங்கள் ஊரில் மைலைக் கட்டை என்றுதான் சொல்வது. இருநூற்றைம்பது கட்டை ஓடினேன். அந்த வண்டி ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கவில்லை. வவுனியா தாண்டியபிறகு அவர் தானாகவே கதைக்கத் தொடங்கினார். கப்பல் நகோயாத் துறையில் நின்ற நாட்களில் அந்தக் காரைச் செய்கிற ஊருக்கே போய்ப் பார்த்தாராம்.

"உவங்கள் முதலிலை தறி செய்தவங்கள், மார்க்கண்டு. நெசவுத் தறி. ஒரு நூல் அறுந்தால் தறி தானே நிண்டிடும். பிழைத்துணி ஒரு முழமும் வராது. அந்தத் தறியாலை வந்த காசிலைதான் கார்த்தொழில்."

"அப்ப ரொயோட்டா எண்டால் என்ன கருத்து அண்ணை?"

"குடும்பப் பேர் ரொயோடா. அவங்கடை எழுத்திலை எழுதினால் பத்துக் கீறு. ரெண்டைக் குறைச்சு ரொயோட்டா எண்டு மாத்தினவங்கள். எட்டுக் கீறு. எட்டு அவங்களுக்கு நல்லது."

"எங்களுக்கு எட்டு எண்டால் செத்தவீட்டு எட்டெல்லோ" என்றேன் பகிடியாக.

பின்னால் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தில் சிரிப்பு இல்லை.

கோப்பாய்ச் சந்தியில் தேத்தண்ணிக் கடைக் கந்தப்பு கடையை விட்டே இறங்கி வந்தான். காரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். "என்ன மார்க்கண்டு, பிஸ்கற் பேணிக்குச் சில்லுப் பூட்டிக்கொண்டு வாறாய்? மாரி வரமுதல் மூடி போட்டு வை."

மாரி வந்தது. மூன்று மாரி வந்து போனது. நெல்லியடியிலிருந்து பிள்ளைப்பேற்றுக்காரியை முழங்கால் வெள்ளத்துக்குள்ளால் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வெங்காயச் சிப்பம் ஏற்றினேன், பொம்பிளை மாப்பிளை ஏற்றினேன். ஒருநாள் அது என்னை வழியில் விட்டதில்லை. சந்தியில் அந்தச் சொல்லே மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. நெடுநாள் உழைக்கிற மாட்டைக்கூட "ஜப்பான் சாமான்" என்று விலை பேசினார்கள். அந்தப் பேர் எடுத்துக் கொடுத்தது என் கை என்று நான் சொன்னால் அது பெருமையில்லை, உண்மை.

1968இல் மகாதேவியின் கலியாணத்துக்காக அண்ணை காரை எனக்கே விற்றார். பதினாலாயிரம். பன்னிரண்டாயிரத்து இருநூறை நாலு வருசத்தில் கட்டி முடித்தேன். வாங்கின அன்றைக்கு எழுத்துக்காரனைக் கூப்பிடட்டோ என்று கேட்டேன்.

"எழுத்து வேண்டாம். காசை என்ரை கையிலை தா. ஆளிட்டைக் குடுத்துவிடாதை. என்ரை கையிலை எண்ணி வைக்கோணும்."

"ஓம் அண்ணை."

"நீ பழைய ஜப்பான் சாமானோ புதுசோ எண்டு பாப்பம்."

1972 மாசியில் சொல்லி அனுப்பினார்: வருகிற செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிச்சத்தைக் கொண்டுவா. ஆயிரத்து எண்ணூறும் என் தகரப் பெட்டியில் நூறு நூறாக இருந்தது. செவ்வாய் காலையில் நெல்லியடிக் கலியாணவீட்டு ஓட்டம் ஒன்று வந்தது, இரட்டைக் கூலி. அண்ணை ஒருநாள் பொறுப்பார் என்று அதைப் பிடித்துக்கொண்டு போனேன். பின்னேரம் திரும்பி வந்தபோது கந்தப்பு கடைக்கு வெளியே நின்றான். பகிடி விடவில்லை. "தம்பிஐயா போயிட்டார்" என்றான்.

செத்தவீட்டில் இரத்தினம்மா அக்கா அழுது முடித்த குரலில் எனக்குச் சொன்னா: "பன்னிரண்டு மணி தொட்டுக் காதைக் குடுத்துக்கொண்டு கதிரையிலை இருந்தவர் தம்பி. கார்ச் சத்தம் கேட்குது, படலையைத் திற எண்டார். போய்த் திறந்தன். ஒழுங்கையிலை ஒருத்தரும் இல்லை. திரும்பி வாறன், உயிர் இல்லை."

காசைப் பற்றி அவ ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. செம்மணிச் சுடலையில் நெருப்பு ஏறும்போது என் மனம் ஒரு கணக்குப் போட்டது. கையிலே தா என்றவர். கை எரிகிறது. வேறு ஆளிடம் கொடுக்காதே என்று அவரே சொன்னார். எழுத்தும் இல்லை. அந்தக் காசுக்கு இரண்டாவது கார் ஒன்றுக்கு முற்பணம் கட்டலாம். இப்படி நினைத்தேன். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் நினைத்தேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவும் செவ்வாய்க்கிழமையில் வந்தது. அவருக்குப் பிடித்த நண்டுக்கறி, ஒடியல் கூழ், ஒரு கட்டுச் சுருட்டு எல்லாம் படைத்தார்கள். நானும் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை காலையில் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

"பெரிய மனிசர் ஆயிட்டியள்" என்றான் கந்தப்பு. "நேற்று மத்தியானம் செம்மணி வெளியிலை கையைக் காட்டினனான். நிப்பாட்டாமல் போனனீ."

"நேற்று மத்தியானம் நான் வீட்டிலை சாப்பிட்டுக்கொண்டிருந்தனான்."

"கதை விடாதை. உன்ரை கார் எனக்குத் தெரியாதோ? பின்னாலை ஒரு நெட்டை ஆள், வெள்ளைச் சால்வையோடை. உன்னைத்தான் காணேல்லை. குனிஞ்சிருந்தியோ?"

நான் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டம் போகமுதலும் வந்தபிறகும் மைல் காட்டுகிற இலக்கத்தைக் கொப்பியில் எழுதுவேன். அந்தக் கொப்பியை எடுத்துக் காரோடு ஒத்துப் பார்த்தேன். செவ்வாய் காலை ஓட்டம் முடித்து நான் எழுதின இலக்கத்துக்கும் காரில் நின்ற இலக்கத்துக்கும் எட்டுக் கட்டை வித்தியாசம். என் வளவிலிருந்து அரியாலை வீட்டுக்குப் போக நாலு கட்டை. வர நாலு.

பின் ஆசனத்தைத் திறந்தேன். சுருட்டு மணம். நான் சுருட்டுப் பிடிப்பதில்லை, என் வண்டியில் பிடிக்க விடுவதுமில்லை.

அடுத்த செவ்வாய் காரைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிட்டேன். எட்டுக் கட்டை ஏறியது. அதற்கடுத்த செவ்வாய் பற்றரி வயரைக் கழற்றி வைத்தேன். எட்டுக் கட்டை ஏறியது. வண்டியில் பிழை இருக்குமோ என்று நானே கழற்றிப் பூட்டிப் பார்த்தேன். இந்தக் குடாநாட்டில் என் காதுக்குத் தப்பிய பிழை கிடையாது. ஒரு பிழையும் இல்லை. மற்ற ஆறு நாளும் இலக்கம் சுத்தமாக இருந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமோ? இருபாலையில் கண்டவர்கள், செம்மணியில் கண்டவர்கள் என்று ஆள் கூடியது. எல்லோரும் பட்டப்பகலில், உச்சி வெயிலில் கண்டவர்கள். பொன்னம்பலம் என்று ஒரு வெங்காயத் தோட்டக்காரர், மகளின் கலியாணத்துக்கு என் காரைப் பேசி முற்பணமும் தந்தவர், படலைக்கு வெளியே நின்று முற்பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

"குறை நினையாதை மார்க்கண்டு. பொம்பிளை ஏறுற காரிலை முதலே ஒராள் ஏறி இருக்கக் கூடாது."

"ஆர் ஏறி இருக்கினம்? வந்து பாருங்கோ."

"நான் கிட்ட வரேல்லை."

கந்தப்பு கேட்டான், "இண்டைக்கு எத்தினை கட்டை? ஓடுற கட்டையைக் கேட்கிறன், செம்மணியிலை எரிஞ்ச கட்டையை இல்லை." கடையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அவனும் சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். சித்திரை பிறக்கமுதல் என் ஓட்டம் பாதியாய்ப் போனது. ஏழு வருசம் நான் எடுத்த பேர் ஏழு கிழமையில் போகப் பார்த்தது. இந்தக் கார் போனால் நான் திரும்பவும் முதலாளியின் கார் கழுவத்தான் போகவேண்டும்.

பங்குனிக் கடைசிச் செவ்வாய். இன்றைக்குக் கண்ணால் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு வேப்பமரத்தின்கீழ் நின்ற காரில் ஏறி, சாரதி ஆசனத்தில் இருந்து நாலு கதவையும் பூட்டினேன். திறப்பு மடியில். காற்று அசையவில்லை. காகம் கரையவில்லை. என் மனைவி குசினியில் சட்டி கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது.

கடைசி இலக்கம் அசைந்தது. மணிக்கூட்டின் பெரிய முள்ளுப்போல, பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது, கண்ணை எடுத்துப் பார்த்தால் தெரியும். கார் நின்ற இடத்தில் நின்றது. வேப்பம்பூ ஒன்று முன்கண்ணாடியில் கிடந்தது, அது அசையவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது இலக்கம் வந்ததும் இலக்கச் சில்லு நின்றது. பின் ஆசனத்தின் கம்பிச்சுருள் இடப்பக்கம் மெல்ல முனகியது. ஒரு ஆள் இறங்குவதற்கு உடம்பை முன்னால் சரிக்கும்போது வருகிற சத்தம். ஆனால் கதவு திறக்கவில்லை. அப்படியே காத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பிறகு சத்தம் திரும்பப் பின்னால் சாய்ந்தது. இலக்கம் மறுபடி ஓடத் தொடங்கியது.

நூல் அறுந்தால் தறி தானே நிற்கும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இது நிற்கவில்லை. அறுந்த நூல் என்னிடம் இருந்தது.

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. இறங்கிப்போய்த் தகரப் பெட்டியிலிருந்த காசை எடுத்து மடியில் கட்டினேன். அதே காரில் ஏறினேன். வேறு கார் பிடித்துப் போகலாம் என்று மனம் சொன்னது. ஆனால் காத்திருந்தவர் அந்தக் காரின் சத்தத்தை அல்லவோ கேட்டுக்கொண்டிருந்தார்? இருபாலை தாண்டி, செம்மணி வெளியில் உப்புப் பூத்த தரை கண்ணைக் கூசப்பண்ணியது. வண்டி என் காலுக்குக் கட்டுப்பட்டு ஓடியது, ஆனால் பின்பக்கம் ஒரு ஆள் பாரம் இருந்தது. சாரதிக்கு அது தெரியும். சுடலையைக் கடக்கும்போது சுருட்டு மணம் கூடியது. "வந்திட்டம் அண்ணை" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒழுங்கை முகப்பில் காரை நிறுத்தினேன். படலை திறந்திருந்தது. இரத்தினம்மா அக்கா அதைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"உண்மையாய் வந்திட்டியோ?" என்றா.

"ஏனக்கா அப்பிடிக் கேட்கிறியள்?"

"செவ்வாய்க்கிழமையிலை நெடுக உன்ரை கார்ச் சத்தம் கேட்குது தம்பி. இவ்விடத்திலை வந்து நிக்கும். படலையைத் திறந்தால் ஆளில்லை. நீதான் வந்து, முகம் பாக்க வெட்கப்பட்டுத் திரும்பிப் போறாய் எண்டு நினைச்சன்."

"என்னத்துக்கு வெட்கம்?"

"ஆயிரத்து எண்ணூறுக்கு."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"அவர் எனக்குச் சொல்லாமல் ஒரு சுருட்டும் வாங்கினவரில்லை."

"பிறகேன் கேட்கேல்லை?"

"நீ எந்தச் சாமான் எண்டு பாப்பம் எண்டு அவர் சொன்னவர். நானும் பாத்துக்கொண்டிருந்தன்."

என் வயதில் ஒருவரும் என்னை அப்படிக் குத்தினதில்லை. மடியை அவிழ்த்தேன். ஆனால் கை நீளவில்லை. "அண்ணை தன்ரை கையிலைதான் வைக்கோணும் எண்டவர், அக்கா. வேறை ஆற்றை கையிலையும் குடுக்காதை எண்டவர்."

அவ சேலைத் தலைப்பிலிருந்து வலக்கையை எடுத்து, காப்பில்லாத அந்தக் கையை என் முன்னால் விரித்தா.

"அவர் கைப்பிடிச்ச கை இது. முப்பத்தொரு வருசம் பிடிச்ச கை. இதுவும் அவரின்ரை கைதான். வை."

நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு என்று சத்தமாக, சபையில் எண்ணுகிற மாதிரி. எட்டாவது தாளை வைக்கும்போது எங்கள் பின்னால் ஒழுங்கை முகப்பில் காரின் பின்கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. பூட்டின கதவு. அக்கா திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை. யாரோ பக்கத்தால் நடந்து படலைக்குள் போன மாதிரி என் சேட்டுக் கை அசைந்தது. எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன்.

"நிப்பாட்டாதை" என்றா. "எண்ணு."

ஒன்பது. பத்து. பதினொன்று. பதினெட்டாவது தாளையும் அந்தக் கையில் வைத்தேன்.