கேட்டுக்குள் இருந்த எங்கள் ஊர்த் தண்ணீர்

செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும். அதைப் பார்த்து மேப்பில் நீலம் பூசுவது என் வேலை. பெரம்பலூரில் ஒரு கான்ட்ராக்ட் ஆபீஸில் உட்கார்ந்து, பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்து ஏரி குளங்களையும் மேப்பாக்கி மேலே அனுப்புகிறோம். எந்த ஊரில் நீலம் குறைவோ அந்த ஊர் ஏரியை முதலில் தூர்வாருவார்கள்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் அரியலூர் பக்கம். பங்குனி பிறந்தால் எங்கள் ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். குடிதண்ணீர் லாரியில் வரும், வராமலும் போகும். அப்படிப்பட்ட ஊரைத்தான் எங்கள் மேப் ‘ஆண்டு முழுவதும் நீர் உள்ள ஊர்’ என்று காட்டியது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் ஒரு குழி. சிமென்ட் கம்பெனி சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப் போனது. பனைமர ஆழத்துக்கு மழைத்தண்ணீர் நிற்கிறது, கோடையிலும் வற்றாது. சுற்றிலும் வேலி, ஒரு கேட், கேட்டில் வாட்ச்மேன். ஊரில் ஒருத்தரும் அதில் ஒரு குடம் மொண்டதில்லை. ஆனால் ஊர் எல்லைக்குள் இருப்பதால் கம்ப்யூட்டர் அதை எங்கள் கணக்கில் சேர்த்துவிட்டது. வானத்திலிருந்து பார்த்தால் வேலியா தெரியும்?

அதை எடுத்துவிடலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

“அந்த ஒரு குழிய எடுத்தா மத்த குழியெல்லாம் எடுக்கணும்மா. மாவட்டத்து மேப்பே மாறிப்போயிடும்.”

“மாறட்டும் சார்.”

அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் வருவதற்குள் எங்கள் ஊர்க் குழியை அழித்தேன். கை நிற்கவில்லை. அரியலூர் மாவட்டத்தில் வேலி போட்ட குழி என்று எனக்குத் தெரிந்த அத்தனையையும் அழித்தேன்.

அடுத்த மீட்டிங்கில் பெரிய அதிகாரி மேப்பைப் பார்த்துவிட்டு, “போன தடவ இருந்த தண்ணி எங்க போச்சு?” என்றார். மேனேஜர் என்னை முறைத்தார். நான் எழுந்து, “தண்ணி அங்கயேதான் இருக்கு சார். ஊருக்குத்தான் இல்ல. வாங்க, காட்டுறேன்” என்றேன். சும்மா சொல்லவில்லை, கூட்டிக்கொண்டு போகும் வரை விடவில்லை.

அதிகாரி, மேனேஜர், நான் மூவரும் போன ஜீப் எங்கள் ஊர்க் குழியின் கேட்டுக்கு முன்னால் நின்றது. வாட்ச்மேன் வணக்கம் வைத்தார். ஆனால் திறக்கவில்லை.

“கம்பெனி லெட்டர் இல்லாம யாரையும் உள்ள விடக்கூடாதுங்க. என் வேல போயிடும்.”

அதிகாரி யார் யாருக்கோ போன் செய்து பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் வாட்ச்மேனிடம், “அண்ணே, உள்ள இருக்கிறது எங்க ஊர்த் தண்ணின்னு மேப்புல போட்டிருந்தாங்க. இப்பவாச்சும் தொறங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மேனேஜரிடம், “சரி, இந்த ஊர் ஏரியத் தூர்வாரச் சேத்துடுங்க. மத்ததப் பழைய மாதிரியே போட்டுடுங்க” என்றார்.

எங்கள் ஏரி கைக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம்.

“மத்த ஊருக்கு மட்டும் கேட்டத் தொறந்தா விடுறாங்க? அந்தக் குழியெல்லாம் நான் திரும்பப் போட மாட்டேன் சார்.”

அவர் ஜீப்பில் ஏறினார். அந்தச் சுற்றில் குழி இருக்கும் எந்த ஊரையும் தூர்வார எடுக்கவில்லை. எங்கள் ஊரையும்தான். குழிக் கணக்கை மறுபடி பரிசீலிக்கிறார்களாம்.

விஷயம் தெரிந்ததும் என் மாமியார் குடத்தை நங்கென்று வைத்தார். “ஒன் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? நம்ம ஏரிய மட்டுமாச்சும் வெட்டியிருப்பாங்கல்ல?”

வெட்டியிருப்பார்கள்தான். லாரிக்குக் காத்து நிற்கும்போது எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் மேப் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. மாதாமாதம் மேனேஜர் கேட்கிறார், மாதாமாதம் மாட்டேன் என்கிறேன். ஒரு குழிக்கும் நான் நீலம் பூசவில்லை.